தொட்டுச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று உப்பங்கழிப் படகுத்துறை வகுப்பில் இருந்தவர்கள்: சண்முகவடிவாகிய நான், என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், கொழுந்தனார் பிரமநாயகம், அவர் மனைவி கல்யாணி, பாடம் எடுத்த ஜெசிந்தா. மொத்தம் ஐந்து பேர். வருவதாகச் சொன்ன இன்னும் இரண்டு குடும்பம் வரவில்லை. வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதுவதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

இவர் துறைமுகப் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஏப்ரலில் ஓய்வு பெற்றார். மே மாதம் ஆறு பேர் உட்காரும் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். மீன் பிடிக்க அல்ல. ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க. தூத்துக்குடிக்குத் தெற்கே இந்தக் கழியில் இப்படி உல்லாசப் படகு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறவள் ஜெசிந்தா. முப்பத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் மாதா சுரூபமும் ஒரு விசிலும். அவள் வகுப்பை முடிக்காமல் படகைக் கயிற்றிலிருந்து அவிழ்க்க முடியாது.

"எனக்கு எஞ்சின் தெரியும்மா, இந்தப் பாடமெல்லாம் புதுசா ஓட்டுதவங்களுக்கு" என்றார் இவர்.

"உங்களுக்கு எஞ்சின் தெரியும் அண்ணாச்சி. தண்ணிக்கு உங்களத் தெரியாதுல்லா?" என்றாள். கல்யாணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன் பன்னிரண்டு கேள்வி. அவள் கேட்பாள். நாம் அந்தந்தச் சாமானைத் தொட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று, விசில், கயிறு கட்டிய வாளி, நங்கூரம், பெட்ரோல், படகின் பின்பக்கம் அடியில் இருக்கும் துளைக்கு பிளக்... படகு கரையில் நிற்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் வடிய அந்தத் துளை. தண்ணீரில் இறக்குமுன் அடைக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு பிளக்கைக் காட்டினாள். கறுப்பு ரப்பர், நம் வீட்டுத் தொட்டி அடைப்பான் போல.

"கண்ணால பாத்துட்டுச் சொல்லக் கூடாது. நெனப்புல இருந்து சொல்லவே கூடாது. விரல் படணும்."

"கோயில்ல சத்தியம் வாங்குத மாதிரில்லா இருக்கு" என்றார் கொழுந்தனார்.

"அதேதான் அண்ணாச்சி. இங்கன பொய்ச் சத்தியத்துக்குத் தண்டன ஒடனே கெடச்சிரும்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம், மருந்துப் பெட்டியையும் அகராதியையும் வைத்து நானே படித்தது. இவள் சொல்வதெல்லாம் எனக்கு ஒரு தடவையிலேயே பிடிபட்டது. பாடம் சொல்கிறவளுக்குத் தெளிவு இருந்தால் கேட்கிறவளுக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. பன்னிரண்டையும் பின்பக்கத் தாளில் எழுதிக்கொண்டேன். படகில் கேள்விக்குப் பதில் சொல்வது இனி என் பொறுப்பு என்று இவரே சொல்லிவிட்டார்.


செப்டம்பர் 21, ஞாயிறு, அமாவாசை

தர்ப்பணம் முடித்துச் சமைத்து வைத்துவிட்டுத் துறைக்குப் போனோம். இன்று தண்ணீர்ப் பயிற்சி.

திருச்செந்தூர்க் கடலில் முழங்கால் அளவுக்கு மேல் நான் போனதில்லை. நைட்டி கொண்டுவந்திருக்கிறேன், மறைவில் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"படகு கவுறப்போ நைட்டியா போட்டிருப்பீங்க வடிவக்கா? சீலையோடயே வாங்க."

சேலையோடு இறங்கினேன். கழுத்தளவுத் தண்ணீர். ஜாக்கெட் தூக்கியது, சேலை காலைச் சுற்றி இழுத்தது. கத்தியே விட்டேன். அவள் என் பக்கத்தில் மல்லாந்து மிதந்தபடி, கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுகிறவள் போலச் சொன்னாள்: "சீலையோட சண்ட போடாதிய. அது போற பக்கம் போகட்டும். முழங்கால வயித்துக்கு இழுத்து, கைய மாரோட கட்டிக்கோங்க. அவ்வளவுதான். இப்ப மூச்சு விடுங்க."

மூச்சு விட்டேன். மிதந்தேன்! செந்திலாண்டவா, ஐம்பத்தெட்டு வயதில் நான் மிதந்தேன்.

கல்யாணி கரையிலிருந்து, "எக்கா, தெப்பத் திருவிழா மாதிரி இருக்கு. சூடம் காட்டட்டுமா?" என்றாள். அடுத்து அவளையும் இறக்கினோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை அவளுக்கு.

கடைசியாகச் சொன்னது: படகு தண்ணீர் ஏறி மூழ்கினாலும் முழுதாக அடிக்குப் போகாது, உள்ளே மிதவை வைத்திருக்கிறது. கரை எவ்வளவு பக்கம் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. தேடி வருகிறவர் கண்ணுக்குத் தலை தெரியாது, படகு தெரியும்.


செப்டம்பர் 22, திங்கள்

தோளும் இடுப்பும் வலி. நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டேன். பால் ஒன்றரை லிட்டர். சிலிண்டர் மாற்றினேன்.


செப்டம்பர் 28, ஞாயிறு

நாங்களாகவே போய்வந்த முதல் சவாரி. பெட்ரோல் பதினைந்து லிட்டர். போக ஐந்து, வர ஐந்து, மீதி ஐந்தைத் தொடக் கூடாது. வீட்டில் அரிசிப் பானையை நானும் அடிவரை வழிப்பதில்லை. ஆகவே இந்த விதி எனக்குப் புதிதில்லை.

பயணச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன். யார் யார், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம். எழுதிய நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிடம் பார்ப்பாளாம். அதற்கு மேல் ஒருவரையும் கேட்காமல் மீட்புப் படகை எடுத்துவிடுவாளாம்.

இவர் ஜாக்கெட் கொக்கியைப் போடாமல் தொங்கவிட்டிருந்தார். ஜெசிந்தா கயிற்றை அவிழ்க்காமல் கைகட்டி நின்றாள். சங்கத்தில் பாதிப்பேர் அவளைக் 'கலெக்டரம்மா' என்கிறார்கள். அவள் காதிலும் விழும்படிதான் சொல்கிறார்கள்.

"கலெக்டரம்மா, கொக்கி ஒரு நிமிஷம் கழிச்சுப் போட்டா போறாதா?" என்றார் இவர்.

"நான் கலெக்டரா இருந்தா ஒங்கள உள்ள வச்சிருப்பேன் அண்ணாச்சி. மேற்பார்வைங்கதால நின்னுட்டிருக்கேன்."

போட்டார். அதற்கப்புறம்தான் கயிறு அவிழ்ந்தது. இவரை இப்படி நிறுத்திவைக்க என் மாமனாரால்கூட முடிந்ததில்லை.


அக்டோபர் 1, புதன், ஆயுத பூசை

நேற்றே படகைக் கரையேற்றிக் கழுவித் தண்ணீர் வடியவிட்டார்கள். இன்று காலை கருவிப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

கருவிகள் மொத்தம் பதினைந்து. துடைத்து, எண்ணெய் தடவி, எண்ணி எழுதினேன். அதில் ஒன்று மட்டும் பித்தளை. பட்டாம்பூச்சித் தலை வைத்த குட்டித் திருகு, ஏதோ எஞ்சினில் போடுகிற சாமான் போலும். பச்சை பிடித்துக் கிடந்தது. அதைக் கருவிகளிலிருந்து எடுத்து விளக்குகளோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பொன் மாதிரி வந்தது. ஆக, கருவி பதினான்கு, பித்தளை பன்னிரண்டு. பட்டியலைத் திருத்திவிட்டேன்.

மாலையில் துறைக்குப் போய்ப் படகுக்குப் பூசை. முன்பக்கம் வாழைக்கன்று, பின்பக்கம் முழுக்க மறையும்படி நானே கட்டிய செவ்வந்தி மாலை, ஐந்து முழம். அதன் மேல் சந்தனம், குங்குமம். ஜெசிந்தாவுக்குச் சுண்டல் கொடுத்தேன். "படகு கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குக்கா" என்றாள்.

வீட்டில் கருவிகளைச் சரஸ்வதி முன் வைத்தாயிற்று. நாளைக் காலை மறுபூசை வரை யாரும் தொடக் கூடாது. இவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.


அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம். இவர் மட்டும் இன்றிரவு ஆஸ்பத்திரியில். நாளை எழுதுகிறேன்.


அக்டோபர் 3, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை மறுபூசை முடித்து, கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைத்தேன். பதினான்கு. சரியாக இருந்தது. புதுச் சவாரிக்கு நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால். துறைக்குப் போய்ச் சேரவே பதினொன்று இருபது ஆகிவிட்டது. கல்யாணி பட்டுச்சேலை கட்டி முடிக்க அவ்வளவு நேரம்.

"எக்கா, இந்த ஆரஞ்சுப் பொதிய மேல போட்டா என் பட்ட எவ பாப்பா?"

"மீன் பாக்கும். போடு."

ஜெசிந்தா பன்னிரண்டும் கேட்டாள். டிக் போட்டாள். சீட்டில் திரும்பும் நேரம் ஒன்றேகால் என்று எழுதினேன். ஒன்றரைக்கு ராகுகாலம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, படகு ஏற்றிய வண்டியின் சக்கரம் உருள, படகு தண்ணீரில் இறங்கியது.

கழியின் வாயில் இருக்கும் மணல்திட்டுக்குப் பன்னிரண்டே காலுக்குப் போய்விட்டோம். ஆழம் இரண்டாள் இருக்கும். நங்கூரம் போட்டுப் படகிலேயே புளியோதரை சாப்பிட்டோம். ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. நின்ற பிறகு, பின்பக்கம் உட்கார்ந்திருந்த கல்யாணி, "அக்கா, கால் நனையுது. தண்ணிப் பாட்டில் கவுந்துட்டோ?" என்றாள். குனிந்து பார்த்தால் பலகைக்கு மேல் தண்ணீர். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இவர் எஞ்சினை இழுத்தார். இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. பின்பக்கம் கனத்துத் தாழ, அலையும் உள்ளே ஏறியது. கொழுந்தனார் வாளியால் இறைக்க இறைக்க ஏறியது.

சாப்பிடும்போது இவர் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்திருந்தார். நான் அதைத் தலைவழியாக மாட்டி, கொக்கியை நானே அழுத்தினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் நாங்கள் தண்ணீரில் இருந்தோம். படகின் மூக்கு மட்டும் வாழைக்கன்றோடு மேலே நின்றது.

"மதினி, இந்தா இருக்கு கரை. நான் நீந்திப் போயி ஆளக் கூட்டியாறேன்."

"படக விடாதிய!"

"நானூறு அடிகூட இருக்காது மதினி."

"கொழுந்தனாரே, நீங்க போனா கல்யாணியும் பின்னால வருவா. படகப் பிடிங்க!"

அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. அது என் குரலே இல்லை, ஜெசிந்தாவின் குரல். சேலை காலைச் சுற்றியது. சண்டை போடாமல் விட்டேன். நால்வரும் மூக்குப் பலகையைப் பிடித்துத் தோளோடு தோள் சேர்ந்து கிடந்தோம். கழுத்தில் பையோடு தொங்கிய போனில் டவர் இல்லை. நான் விசில் ஊதினேன். கந்தர் சஷ்டி கவசத்தில் ஒரு வரி மனதுக்குள், ஒரு ஊதல். ஒரு வரி, ஒரு ஊதல். இவர் உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தார். கொக்கி மட்டும் இல்லையென்றால்... வேண்டாம், எழுத வேண்டாம்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு மீட்புப் படகு வந்தது. ஒன்றேகாலுக்கு மேல் பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள்; சரியாக ஒன்றரைக்குக் கிளம்பியிருக்கிறாள். ராகுகாலம் தொடங்கும் அதே நிமிடம். நான் பயந்த நேரத்தில் அவள் எங்களைத் தேடிப் புறப்பட்டிருக்கிறாள்.

கிட்டே வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கயிறு எறிந்தாள். "யாருக்கு மூச்சு முட்டுது? அவங்க மொதல்ல." இவரை ஏற்றினாள். பிறகு கல்யாணி, நான், கொழுந்தனார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சீட்டில் இருக்கும் நால்வரும் வந்தாயிற்று என்று வாய்விட்டு எண்ணிய பிறகுதான் திரும்பினாள். வழியில் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. தன் சட்டையைக் கழற்றி - உள்ளே பனியன் போட்டிருந்தாள் - கல்யாணியைப் போர்த்திவிட்டாள்.

நான் கும்பிடுகிற முருகன் வேலோடுதான் வருவான் என்று நினைத்திருந்தேன்.


அக்டோபர் 4, சனி

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி, எலுமிச்சை ஊறுகாய். படகைக் கயிறு கட்டி இழுத்து வந்து கரையில் போட்டிருக்கிறார்களாம். பின்பக்கத் துளையில் பிளக் இல்லையாம்.

"நான் போட்டிருந்தேன். மொத சவாரிக்குப் பெறவுதான் ரப்பர மாத்தி, பழைய சாமான் கடையில பித்தள பிளக் வாங்குனேன், பட்டாம்பூச்சித் தல வச்சது. கழண்டு விழுந்திருக்கும். அந்தப் பொம்பள டிக் போட்டிருக்காளே, பாக்காமயா போட்டா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் வைத்தே சங்கத்துக்குப் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

மூன்று நாள் பூசை விளக்குகளை இன்றுதான் எடுத்தேன். குத்துவிளக்கு இரண்டு, தூபக்கால், மணி, பஞ்சபாத்திரம், சிறு விளக்கு ஆறு. பதினொன்று.

பன்னிரண்டாவதும் இருந்தது. சிறு விளக்குகளுக்கு நடுவே, வாடிய பூவுக்கு அடியில், குங்குமப் பொட்டோடு.

கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். பிறகு என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மத்தியானம் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.


அக்டோபர் 5, ஞாயிறு

சங்கக் கூட்டம். நான் போகவில்லை, தலைவலி என்று சொன்னேன். கொழுந்தனார் போய்வந்து சொன்னது:

செயலர் தனசிங், "பிளக்கத் தொட்டுப் பாத்தியாம்மா?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டிருக்கிறார்.

"இல்ல சார். தொடாம டிக் போட்டேன்."

"ஏன்?"

"தொட்டிருக்கணும். தொடல. என் தப்பு."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதிக் கூட்டத்தில் நிரந்தரமாக நீக்குவது பற்றி முடிவெடுப்பார்களாம். நீக்கினால் வேறு எந்தத் துறையிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். மீட்புப் படகுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"என்ன மதினி, ஒங்களுக்கு முகமே சரியில்ல?" என்றார். தலைவலி என்றேன்.


அக்டோபர் 7, செவ்வாய்

செவ்வாய் விரதம். பதினோரு மணிக்கு ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். கையில் எங்கள் வாளி, திட்டில் ஒதுங்கியிருந்ததாம். இவர் உள்ளறையில் படுத்திருந்தார், வெளியே வரவில்லை. மோர் கொடுத்தேன்.

"அண்ணாச்சிக்கு இருமல் இருக்கா? நெஞ்சுக்குள்ள உப்புத் தண்ணி போயிருந்தா நாலஞ்சு நாள் கழிச்சுக்கூடக் காய்ச்சல் வரும். பாத்துக்கோங்க" என்றாள். வேலை போகப்போகிறவள் வந்து விசாரிக்கிறாள்.

"நீ ஏன் கூட்டத்துல ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல?"

"நடந்தத."

மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அக்கா, பேனா யார் கையில இருந்துச்சோ அவங்கதான் பதில் சொல்லணும். எத்தன பேருக்கு நான் இதப் பாடம் எடுத்திருக்கேன்! 'அவங்க சொன்னாங்க'னு எனக்கே சலுக குடுத்தா, நாளைக்கு எவன் கொக்கி போடுவான்?"

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிச் சொன்னாள்: "நீங்க விடாம ஊதுனிய பாத்தியளா, அதக் கேட்டுத்தான் நேரா வந்தேன். இல்லேன்னா கீழ்க்கரைப் பக்கம் தேடியிருப்பேன். நல்ல மாணவி நீங்க."

அவள் போன பிறகு சமையலறையில் நின்று அழுதேன்.


அக்டோபர் 8, புதன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை. பால் ஒரு லிட்டர்.


அக்டோபர் 12, ஞாயிறு

மூன்றாம் தேதிப் பக்கத்தை இன்று திரும்பப் படித்தேன். 'ஜெசிந்தா பன்னிரண்டும் கேட்டாள். டிக் போட்டாள்' என்று எழுதியிருக்கிறேன். பால்காரர் கால் லிட்டர் குறைத்து ஊற்றினால்கூட எழுதிவைக்கிறவள், அங்கே ஒரு பெரிய இடைவெளி விட்டிருக்கிறேன். அதை நிரப்புகிறேன்.

இவர் முன்பக்கம் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று இருபத்தைந்து தாண்டிவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று எனக்குப் பதைப்பு. ஜெசிந்தா கேள்வி கேட்டபடி பின்பக்கம் வந்தாள். "பிளக்?" என்றாள்.

"போட்டாச்சு" என்றேன். போன வாரம் போட்டிருந்தது. அந்த நினைப்பில் சொன்னேன்.

"மாலைய லேசா தூக்கிக்கட்டுமாக்கா? தொட்டுப் பாத்துக்கிடுதேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். "பூச போட்ட மால தாயி, கடலுக்குள்ள எறங்குத வரைக்கும் அசைக்கக் கூடாது. அதும் செருப்போட நிக்கே. நாந்தான் சொல்லுதேன்லா?"

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அவள் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள், என் பூசையை மதிக்காதவள் என்று நான் நினைத்துவிடக் கூடாது என்று கூசியிருக்கிறாள். மற்ற எவரையும் கொக்கிக்காகக் கைகட்டி நிறுத்திவைத்தவள், எனக்காக ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தாள். டிக் போட்டாள்.

மாலைக்குப் பின்னால் துளை திறந்தே கிடந்தது. படகு வேகமாக ஓடியவரை தண்ணீர் அதன் வழியே வெளியேதான் இழுபட்டிருக்கும், நின்றதும் உள்ளே ஏறியிருக்கிறது. அதை அடைக்க வேண்டியது என் பூசையறையில் பளபளத்துக்கொண்டிருந்தது. எடுத்துத் தேய்த்தவளும் நான், மறைத்துக் கட்டியவளும் நான், தொடவந்த கையைப் பிடித்தவளும் நான்.

சாமி குற்றமில்லை இது. சாமி பெயரைச் சொல்லி நான் செய்தது.


அக்டோபர் 14, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். பிளக்கைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பளிச்சுனு தேச்சிருக்க" என்றார் முதலில். பிறகு முகம் கறுத்தது. "யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ஏட்டி, அறிவுகெட்டத்தனமா பேசாத. நான் புகார்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். பிளக்கப் போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். முப்பத்து நாலு வருசம் மெக்கானிக்கு! பொண்டாட்டிகிட்ட எண்ணக் குடுத்துட்டுப் படக எறக்குனான்னு சிரிக்க மாட்டானுவளா? பேசாம கெணத்துல போட்டுட்டு வேலயப் பாரு."

"அந்தப் பிள்ளைக்கு வேல போயிருமே."

"வேற வேல கெடைக்கும்."

"உங்களுக்கு வேற உசுரு கெடைச்சிருக்குமா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. முப்பத்தாறு வருடத்தில் இப்படி நான் எதிர்த்துக் கேட்டதில்லை. உட்காராமல் நின்றேன்.

"புகார மாத்தி எழுதுனா, அதுல கையெழுத்து நான் போட மாட்டேன்" என்றார்.

"வேண்டாம். என் கையெழுத்து எனக்கு இருக்கு."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: "ரப்பர் பிளக்குனா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"தெரிஞ்சிருக்கும்."

"பித்தள வாங்குனத ஒன்கிட்ட நானும் சொல்லல" என்றார். அவரிடமிருந்து இவ்வளவு வருவதே பெரிது. எழுதிவைக்கிறேன்.


அக்டோபர் 16, வியாழன்

காலையில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்த பிறகு அமைந்த கடிதத்தின் நகல் இது. அசலைத் துறை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

சங்கச் செயலர் தனசிங் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் இரண்டாம் தேதி மூழ்கிய படகில் இருந்த நால்வரில் நான் ஒருத்தி. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது.

பிளக் கழன்று விழவில்லை. அது படகில் போடப்படவே இல்லை. ஆயுத பூசைக்காக நான் அதை என்ன சாமான் என்று தெரியாமல் எடுத்து, விளக்குகளோடு தேய்த்துப் பூசையில் வைத்தேன். இத்துடன் அதைக் கொடுத்திருக்கிறேன். கிளம்பும்போது ஜெசிந்தா பிளக்கைத் தொட்டுப் பார்க்க வந்தார். பூசை மாலையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அவர் கையைப் பிடித்துத் தடுத்தவள் நான். போட்டாயிற்று என்று தொடாமல் சொன்னவளும் நான். உங்கள் கூட்டத்தில் அவர் இதைச் சொல்லவில்லை. தன் தப்பு என்று மட்டும் சொன்னார். நான் வராமல் வீட்டில் இருந்துகொண்டேன்.

அவர் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் ஒரு தடவை விட்டுக்கொடுத்ததையும், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள். சேலையோடு மிதக்க அவர் கற்றுக்கொடுத்தார். படகை விடாதே என்று கற்றுக்கொடுத்தார். சொன்ன நிமிடத்தில் கிளம்பி வந்தார். நாங்கள் நால்வரும் இன்று சாப்பிடுவது அதனால்தான். கழியில் படகு ஓட்டும் மற்றக் குடும்பங்களுக்கும் அவர் வேண்டும்.

தண்டனை கொடுக்க வேண்டுமானால் எங்கள் படகின் அனுமதியை எவ்வளவு காலத்துக்கு வேண்டுமானாலும் நிறுத்துங்கள். என் வீட்டுக்காரருக்கும் தெரிந்துதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதை என் வாயால் சொல்லவும் வருகிறேன்.

ஜெசிந்தாவுக்கு மீட்புப் படகின் சாவியைத் திரும்பக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? கூட்டத்துக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆ. சண்முகவடிவு